1860-களின் ஆங்கிலேயப் பணிப்பெண் ஏப்ரன்: கையாலேயே தைப்பது எப்படி?

19-ஆம் நூற்றாண்டு மேலை உடைகளைத் தைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் நேராகக் கவுனில் கை வைக்கிறார்கள். மேல்சட்டையின் வளைவுகளில் சிக்கி, பாதியிலேயே துணியை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். ஏப்ரனில் தொடங்குங்கள். இதில் உள்ள எல்லாத் துண்டுகளும் நீள்சதுரம்தான். கவுனுக்குத் தேவைப்படும் ஹெம்மிங், சுருக்கு, பட்டி மூன்றும் இதிலேயே கைக்குப் பழகிவிடும்.

வெட்டுவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அக்காலத்துக் கம்பளிக் கவுனையும் பட்டுக் கவுனையும் நினைத்தபோதெல்லாம் துவைக்க முடியாது. சாயம் இறங்கும், உள்துணி ஒரு பக்கம் சுருங்கும். நன்றாகத் துவைக்க வேண்டுமானால் தையலைப் பிரித்துத் துண்டு துண்டாகத்தான் துவைக்க முடியும். அதனால் அழுக்கைத் தாங்கும் வேலை ஏப்ரனுக்கு வந்தது. அதைச் சோடா போட்டு ஊறவைத்து, சோப்புப் போட்டு, பெரிய செப்புக் கொப்பரையில் கொதிக்க வைப்பார்கள். பிறகு அலசி, நீலம் முக்கி, கஞ்சி போட்டு, அடுப்பில் சூடாக்கிய இரும்பால் தேய்ப்பார்கள். வாராவாரம் இத்தனையையும் தாங்க வேண்டிய உடை இது. எனவே துணி, நூல், தையல் என எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே கேள்விதான்: கொதிக்கும் தண்ணீரை இது தாங்குமா?

எந்த ஆண்டுக்கான ஏப்ரன்?

"விக்டோரியா காலத்து ஏப்ரன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தைத்தால் எந்தக் கவுனுக்கும் பொருந்தாது. ஏப்ரன் எப்போதும் அடியில் உள்ள பாவாடையின் உருவத்தைப் பின்பற்றும். 1800 முதல் 1820 வரை இடுப்புக்கோடு மார்புக்குக் கீழேயே இருந்ததால் ஏப்ரனையும் அங்கேதான் கட்டினார்கள். 1830-களில் இடுப்புக்கோடு இறங்கியது, பாவாடை விரிந்தது. 1856-இல் எஃகு வளையங்களால் ஆன கிரினோலின் கூண்டுக்குக் காப்புரிமை பதிவானது. அடுத்த பத்தாண்டில் பாவாடை மணிபோல் விரிந்து நின்றது. 1870-களில் விரிவெல்லாம் பின்பக்கம் போய், முன்பக்கம் தட்டையானது. ஆகவே ஏப்ரனிலும் முன் நடுவில் சுருக்கு குறைய வேண்டும். 1890-களுக்கு வந்தால் அகலமான மார்புத் துண்டு, தோளில் ஃப்ரில், பின்னால் பெரிய முடிச்சு. நம் ஊர் ஆங்கில நாடக மேடைகளில் வரும் "வேலைக்காரப் பெண்" உடை பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான். 1850-இல் நடக்கும் கதைக்கு அதை அணிவித்தால் விஷயம் தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும்.

நாம் இங்கே தைப்பது 1860-களின் வெள்ளை ஏப்ரன். வசதியான ஆங்கிலேய வீடுகளில் பணிப்பெண்கள் காலையில் அச்சிட்ட பருத்திக் கவுனும் முரட்டு ஏப்ரனும் அணிந்து வேலை செய்தார்கள். கணப்படுப்பில் கரி அள்ளும்போது சாக்குத்துணி ஏப்ரன். பிற்பகலில் விருந்தினர் வரும் நேரத்துக்குக் கறுப்புக் கவுன், வெள்ளைத் தொப்பி, வெள்ளை ஏப்ரன். மார்புத் துண்டின் மேல் மூலைகள் இரண்டையும் கவுனில் குண்டூசியால் குத்திக்கொள்வார்கள். இன்றைய சமையல் ஏப்ரனில் இருக்கும் கழுத்து வளையத்தை இதில் வைக்காதீர்கள். பார்த்த மாத்திரத்தில் காலத்தைக் கெடுத்துவிடும்.

வாங்க வேண்டியவை

44 இன்ச் அகல வெள்ளைப் பருத்தித் துணி 2 மீட்டர். கேம்பிரிக்கோ கனமில்லாத பாப்ளினோ சரியாக இருக்கும். லினன் கிடைத்தால் இன்னும் நல்லது. மல் துணி வேண்டாம், பட்டியின் இழுப்புக்கு நிற்காது. காடாத் துணி காலை வேலை ஏப்ரனுக்குப் பொருத்தம், பிற்பகல் ஏப்ரனுக்கு முரடு. காலை ஏப்ரனைக் கட்டம் போட்ட துணியில் தைக்க விரும்பினால், நெசவிலேயே கட்டம் விழுந்த துணியாக எடுங்கள். அச்சடித்த கட்டத்தின் மறுபக்கம் வெளிறி இருக்கும். நீலமும் வெள்ளையும் அக்காலத்துக்குச் சரியான நிறங்கள். 1897-இல் செயற்கை நீலச்சாயம் விற்பனைக்கு வரும்வரை, அந்த நீலத்தில் பெரும்பங்கு இந்தியாவில் விளைந்த அவுரியிலிருந்துதான் போனது.

"சுத்தமான காட்டன்" என்று கடையில் சொன்னாலும் ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவது போல மணக்கும், சாம்பல் தொட்டால் உதிரும். பாலியஸ்டர் கலந்திருந்தால் நுனி உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். கலப்புத் துணியில் சுருக்கை நீவிப் படிய வைக்கவே முடியாது, துள்ளி எழும். அடுப்புப் பக்கம் நின்று செய்து காட்டும் நிகழ்ச்சிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு: தீப்பட்டால் பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

இவற்றோடு:

– 40 அல்லது 50 நம்பர் வெள்ளைப் பருத்தி நூல் ஒரு கண்டு
– தேன்மெழுகு ஒரு சின்னக் கட்டி
– 8 அல்லது 9 நம்பர் கைத்தையல் ஊசி, முனை மழுங்கிய பெரிய ஊசி ஒன்று
– உள்பாவாடைக்குப் போடும் பருத்தி நாடா, ½ அல்லது ¾ இன்ச் அகலத்தில் 1¼ மீட்டர்
– குண்டூசிகள், அளவு டேப், கத்தரி, விரலில் மாட்டும் திம்பிள்

வெட்டும் முன் துணியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, ஆறும்வரை விட்டு, அலசிக் காயவைத்து, லேசான ஈரத்தோடு இஸ்திரி போடுங்கள். இதைத் தவிர்த்தால் முதல் சலவையிலேயே பாவாடைத் துண்டு ஒரு விதமாகவும் பட்டி இன்னொரு விதமாகவும் சுருங்கும். ஒரு வரியும் பிசகாமல் தைத்திருந்தாலும் ஏப்ரன் கோணிக்கொள்ளும். நாடாவையும் கூடவே போடுங்கள், அது துணியைவிட அதிகம் சுருங்கும்.

அளவும் வெட்டும்

அளவைக் கவுனின் மேல்தான் எடுக்க வேண்டும். கார்செட் (இடுப்பை இறுக்கிக் கட்டும் உள்ளுடை), கிரினோலின், உள்பாவாடை எல்லாம் அணிந்த பிறகு இடுப்புச் சுற்றளவையும், முன் நடுவில் இடுப்பிலிருந்து கவுனின் கீழ் விளிம்பு வரையிலான நீளத்தையும் எடுங்கள். கூண்டின் மேல் வளைந்து இறங்கும் நீளம் நேராகத் தொங்கும் நீளத்தைவிடக் கூடுதல். ஏப்ரன், கவுனைவிட 4 இன்ச் குட்டையாக முடியட்டும்.

இடுப்பு 30, கவுன் நீளம் 38 என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி:

பாவாடைத் துண்டு: முடிந்த நீளம் 34. மேலே ½, கீழ் மடிப்புக்கு 2½ சேர்த்து 37 இன்ச் நீளம். அகலம், கரையிலிருந்து கரை வரை முழு 44.

இடுப்புப் பட்டி: இடுப்பளவில் 4 இன்ச் கழித்து 26. இரு முனை மடிப்புக்கும் சேர்த்து 27 இன்ச் நீளம், 3 இன்ச் அகலம்.

மார்புத் துண்டு: உயரம் 12, அகலம் 10. தைத்து முடிந்ததும் 10-க்கு 9 ஆக நிற்கும்.

பட்டியின் நீளம் பாவு ஓடும் திசையில், அதாவது கரைக்கு இணையாக இருக்க வேண்டும். ஊடையின் (குறுக்கு இழையின்) திசையில் வெட்டிய பட்டி கட்டக் கட்ட நெகிழும், விளிம்பு அலை அலையாக நெளியும். ஆகவே முதலில் 37 இன்ச்சில் பாவாடைத் துண்டைப் பிரித்துவிட்டு, மீதத் துணியில் கரையை ஒட்டிப் பட்டியையும் அதன் பக்கத்தில் மார்புத் துண்டையும் எடுங்கள். இன்னும் மிஞ்சுவது சுருக்குப் பழக உதவும்.

குறுக்கே வெட்டக் கத்தரியை நம்பாதீர்கள். கடைக்காரர் செய்வது போல ஓரத்தில் சின்னதாக வெட்டி, சர்ரென்று கிழியுங்கள். ஊடை இழையோடு நேராகக் கிழியும். கிழித்த பின் நான்கு மூலையும் சதுரமாக நிற்கவில்லையென்றால் நெசவு சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஈரப்படுத்தி, எதிர் மூலைகளைப் பிடித்து இருவர் இழுத்தால் சரியாகும். லினன் இப்படிக் கிழிக்கத் தோதில்லை. ஓர் இழையை உருவி, அந்தத் தடத்தில் கத்தரியுங்கள்.

ஆங்கிலேயத் தையல் கையேடுகளில் அளவுகள் இன்ச்சில் இல்லாமல் "நெயில்" என்ற அலகில் இருப்பதைப் பார்க்கலாம். ஒரு நெயில் 2¼ இன்ச், ஒரு கஜத்தில் 16-இல் ஒரு பங்கு. பழைய வரைபடத்தைப் பார்த்துத் தைக்கும்போது இது கைகொடுக்கும்.

கீழ் மடிப்பு

பக்கவாட்டில் மடிப்பே வேண்டாம், கரைதான் ஓரம். அப்படியே விடுவது அக்கால வழக்கம். பிரியாது, தடிக்காது, கஞ்சி சீராக ஏறும். கடை முத்திரையோ ஊசித் துளைகளோ கரையில் இருந்தால் மட்டும் அதை நறுக்கிவிட்டு ¼ இன்ச் மடிப்புப் போடுங்கள்.

கீழ் ஓரத்தை முதலில் ½ இன்ச், அடுத்து 2 இன்ச் மடித்து இஸ்திரி போடுங்கள். நூலை ஒரு முழத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். மெழுகில் இரண்டு முறை இழுத்து, விரலிடுக்கில் உருவிக்கொள்ளுங்கள். இன்ச்சுக்கு 9, 10 தையல் வீதம் சாய்ந்த ஹெம்மிங். ஊசி, கீழ்த் துணியில் ஓரிரு இழையை மட்டும் கவ்வினால் போதும். நூலைத் துணி சுருங்கும் அளவுக்கு இறுக்காதீர்கள். வெளிப்பக்கம் குழி குழியாகத் தெரிந்தால் இறுக்கம் அதிகம். தொடக்கத்தில் முடிச்சுப் போடாமல் நூல் நுனியை மடிப்புக்குள் படுக்க வைத்து, முதல் சில தையல்களால் அதை அமுக்கிவிடுங்கள். தேய்க்கும்போது முடிச்சு துருத்திக்கொண்டு அந்த இடத்திலேயே துணி நைந்துபோகும்.

தையல் இயந்திரம் கூடாதா? எலியாஸ் ஹோவின் காப்புரிமை 1846, சிங்கரின் இயந்திரம் 1851. ஆகவே 1860-களுக்கு நீண்ட மடிப்புகளை இயந்திரத்தில் ஓட்டினால் தவறில்லை. கதை 1840-களில் என்றால் ஒரு தையல்கூட இயந்திரத்தில் வேண்டாம். சுருக்கும் பட்டியும் எந்த ஆண்டானாலும் கையால்தான்.

சுருக்கு: இங்கேதான் நிதானம் வேண்டும்

44 இன்ச் துணி 16 இன்ச்சுக்குள் அடங்க வேண்டும். ஏனோதானோவென்று ஓட்டுத் தையல் போட்டு இழுத்தால் நைட்டிச் சுருக்கு மாதிரி ஒரு பக்கம் கும்பலாகவும் ஒரு பக்கம் வெறுமையாகவும் நிற்கும். அக்காலச் சுருக்கில் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாக, ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கும்.

மேல் விளிம்பின் நடுவைக் குறியுங்கள். ஒவ்வொரு பாதியின் நடுவையும் குறியுங்கள். மெழுகிட்ட நூலை இரட்டையாகக் கோத்து, நடுவிலிருந்து ஒரு பக்க ஓரம் வரை ஒரு நூல், மறுபக்கத்துக்கு வேறொரு நூல். முழு அகலத்துக்கும் ஒரே நூலாகப் போட்டு அது பாதியில் அறுந்தால் வேலை மொத்தமும் போகும். இந்த இடத்தில் மட்டும் ஒரு முழம் என்ற கணக்குப் பொருந்தாது. அந்தப் பாதி அகலத்தைவிட ஒரு சாண் கூடுதலாக நூல் வேண்டும்.

விளிம்பிலிருந்து ½ இன்ச் கீழே முதல் வரிசை. ஊசி எடுப்பது ஒரு பங்கு என்றால் தாண்டுவது இரண்டு பங்கு. எடுப்பதும் தாண்டுவதும் சேர்ந்து ¼ இன்ச். இப்படிப் போட்டால் 44 இன்ச்சில் 176 சுருக்கு விழும், பட்டியில் இன்ச்சுக்கு 11 வீதம் உட்காரும். பழகிய கைக்கு இன்னும் நெருக்கமாகப் போகலாம். முதல் வரிசைக்கு ¼ இன்ச் கீழே இரண்டாம் வரிசை. ஊசி ஏறி இறங்கும் இடங்கள் மேல் வரிசைக்கு நேர் கீழே வர வேண்டும். ஓர் இடத்தில் தவறினால் அங்கே மடிப்புகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். கண்ணளவு பிசகுமென்றால் பென்சிலால் மெல்லிய புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நூலையும் சேர்த்துப் பிடித்து இழுத்து, ஒவ்வொரு பாதியையும் 8 இன்ச்சாக்குங்கள். நூல் முனையை ஒரு குண்டூசியில் எட்டு எண் வடிவில் சுற்றி நிறுத்துங்கள். இப்போது நீவல். துணியை இடது கையில் பிடித்து, கட்டைவிரல் முதல் வரிசைக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். மழுங்கிய ஊசியின் முனையை ஒரு மடிப்பின் அடியில் வைத்து, அதைக் கட்டைவிரலுக்குக் கீழே தள்ளி, அப்படியே கீழ்நோக்கி ஒரு நீவு. அடுத்த மடிப்புக்கும் அதேபோல. 176-க்கும் இதைச் செய்ய வேண்டும், வேறு குறுக்குவழி கிடையாது. முடித்ததும் துணியைத் தலைகீழாகத் திருப்பி, நூலுக்கு மேலே உள்ள ½ இன்ச் பகுதியையும் நீவுங்கள். ஊசி துணியில் உரசும் சத்தம் கேட்டால் கை அழுத்தம் அதிகம். கூர் ஊசியால் நீவினால் இழை அறுந்து, சில சலவைகளுக்குப் பிறகு அந்த இடம் கிழியும். பழைய ஏப்ரன்களில் பட்டிக்குக் கீழே வரிசையாகச் சின்னக் கீறல்கள் இருந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

பட்டி

பட்டியின் நீண்ட ஓரங்கள் இரண்டையும் ½ இன்ச் உள்ளே மடித்து, பிறகு பாதியாக மடித்தால் 1 இன்ச் அகலம் வரும். முனைகளையும் ½ இன்ச் உள்ளே மடியுங்கள். நடுவைக் குறித்து, அங்கிருந்து இருபுறமும் 4 இன்ச்சிலும் 8 இன்ச்சிலும் குறி வையுங்கள். பாவாடைத் துண்டின் குறிகள் இவற்றோடு ஒட்ட வேண்டும். மூன்று குறிகளும் இரண்டு ஓரங்களும் பொருந்திவிட்டால் சுருக்கு தானாகவே சமமாகப் பரவும்.

நல்ல பக்கத்தில், பட்டியின் மடித்த ஓரம் முதல் வரிசை நூலின் மேல் சரியாக உட்காரும்படி குண்டூசி குத்துங்கள். இப்போது ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு சாய்ந்த தையல்: ஊசி ஒரு மடிப்பின் மேட்டைக் கவ்வி, பட்டி ஓரத்தில் ஏற வேண்டும். ஒரே தையலில் இரண்டு மடிப்பைக் கவ்வினால் அவை ஒன்றாகி, வரிசை கெட்டுப்போகும். முன்பக்கம் முடிந்ததும் பட்டியைப் பின்னால் மடித்து, உள்பக்கத்திலும் இதேபோல ஒவ்வொரு மடிப்பையும் பிடியுங்கள். இருபுறமும் தனித்தனியாகப் பிடிப்பதால்தான் ஈரத்தில் கனத்த துணியைப் பிழியும்போதும் சுருக்கு அசையாது. இயந்திரத்தில் ஒரே ஓட்டமாக அடித்தால் மடிப்புகள் சாய்ந்து படுத்துவிடும், பிறகு எழுப்ப முடியாது.

சுருக்குக்கு இருபுறமும் பட்டி 5 இன்ச் வெறுமையாக நீளும். அதன் இரு ஓரங்களையும் சேர்த்துத் தைத்து மூடுங்கள். நாடாவை இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் பட்டி முனைக்குள் ¾ இன்ச் நுழைத்து, சதுரமாகச் சுற்றிக் கெட்டித் தையல் போடுங்கள். நாடாவின் வெளிமுனையை இரண்டு மடிப்பு மடித்து ஹெம்மிங். இரண்டாம் வரிசைச் சுருக்கு நூலை உருவிவிடலாம். முதல் நூல் பட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

மார்புத் துண்டு

பக்கங்கள் இரண்டிலும் ¼, ¼ என்று மடித்து ஹெம்மிங். மேலே ¼, பிறகு ¾. மேல் மடிப்பு அகலமாக இருப்பது குண்டூசி இழுப்பைத் தாங்குவதற்காக. கீழ் ஓரத்தை ¼ மடித்து, நடுவோடு நடு பொருத்தி, பட்டியின் பின்னால் ¾ இன்ச் இறக்குங்கள். பட்டியின் மேல் விளிம்பை ஒட்டி நல்ல பக்கத்திலிருந்து நெருக்கமான கெட்டித் தையல். உள்பக்கம் கீழ் ஓரத்தைப் பட்டியோடு ஹெம்மிங், வெளியே தெரியாமல்.

அணியும்போது மூலையிலிருந்து ½ இன்ச் உள்ளே குண்டூசியை ஏற்றி, கவுனின் மேல்துணியையும் உள்துணியையும் கவ்வி, மறுபடி மார்புத் துண்டுக்குள் கொண்டுவந்து முனையை மடிப்புக்குள் மறைத்துவிடுங்கள். மேல்துணியை மட்டும் குத்தினால், குனிந்து நிமிரும்போது கவுன் கிழியும். கவுனின் பொத்தான் வரிசை நடுவில் இருப்பதால் இருபுறமும் சமதூரத்தில் குத்தினால்தான் துண்டு கோணாமல் நிற்கும். கவனிக்க: சேஃப்டி பின்னுக்கு 1849-லேயே அமெரிக்காவில் வால்டர் ஹண்ட் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனாலும் இந்த இடத்தில் சாதாரணக் குண்டூசிதான் பொருத்தமாகத் தெரியும்.

அடையாளம், நீலம், கஞ்சி

பல ஏப்ரன்கள் ஒரே கொப்பரையில் வேகும் என்பதால் துணிகளில் பெயரின் முதல் எழுத்துகளையும் ஓர் எண்ணையும் சிவப்பு நூலில் சின்னச் சிலுவைத் தையலாகப் போடுவது வழக்கம். எண் இருந்தால் முறை வைத்து அணியலாம், எல்லாம் சமமாகத் தேயும். பட்டியின் உள்பக்கம், இடது முனை இதற்கு நல்ல இடம். தைக்கும் முன் அந்தச் சிவப்பு நூலை நனைத்து, வெள்ளைத் துணிக்கடியில் வைத்துச் சூடான இஸ்திரியால் அழுத்துங்கள். துளி சிவப்பு ஒட்டினாலும் அந்த நூல் வேண்டாம்.

நீலத்தைத் துணியில் முடிந்து தண்ணீரில் கசக்கிக் கரைத்த பிறகே ஏப்ரனை முக்க வேண்டும், முக்கியதும் உடனே எடுக்க வேண்டும். தூளை நேராகப் போட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். கஞ்சிக்கு ஒரு மேசைக்கரண்டி மக்காச்சோள மாவை (கார்ன்ஃப்ளோர்) பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஊற்றிக் கண்ணாடி போலாகும்வரை கிளறி, வடிகட்டுங்கள். வடித்த அரிசிக் கஞ்சியும் போதும், உப்பில்லாமல். ஏப்ரன் அரை ஈரமாக இருக்கும்போதே தேய்த்துவிடுங்கள். முதலில் மடிப்பும் பட்டியும், பிறகு மார்புத் துண்டு, கடைசியாகப் பாவாடை. சுருக்குக்குள் இஸ்திரிப் பெட்டியின் நுனியை மட்டும் நுழையுங்கள். மேலே வைத்து அழுத்தினால் நீவி எடுத்த மடிப்பெல்லாம் தட்டையாகிவிடும்.

நெடுநாள் எடுத்து வைப்பதாக இருந்தால் கஞ்சியும் நீலமும் போக அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு, இஸ்திரி மடிப்பில்லாமல் சுருட்டி வையுங்கள். கஞ்சித் துணியைக் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும். அணியும் நாளுக்கு முன்தினம் கஞ்சி போட்டால் போதும்.